லயத்துக்குப் பின்னால நாலு பாத்தி

மார்கழி முடியும்போது பதுளைப் பக்கம் மண் இன்னும் ஈரமாகத்தான் இருக்கும். ஐப்பசியில் பிடித்த வடகீழ்ப் பருவமழை அப்பதான் மெல்ல ஓயும். காலையில் நமுனுகுலை மலை பனிமூட்டத்துக்குள்ள ஒளிஞ்சு கிடக்கும். லயத்துக்குப் பின்னால இருக்கிற துண்டு நிலத்தைக் கொத்திப் புரட்ட இதுதான் நேரம். தை வெயிலில் மண் காய்ந்து உதிர்ந்தால் பங்குனி, சித்திரை மழைக்குப் போஞ்சி போடலாம். அதற்குக் கிடைக்கிறது ஞாயிற்றுக்கிழமையும், மலையில் கொழுந்து எடுத்து வந்த பிறகு இருட்டுறதுக்குள்ள மிஞ்சுற கொஞ்ச நேரமும்தான்.

எங்கள் பேச்சில் 'தோட்டம்' என்றால் துரையின் தோட்டம், அதாவது தேயிலை. அதனால் இந்தத் துண்டை 'மரக்கறித் தோட்டம்' என்று தனியாகச் சொல்ல வேண்டியிருக்கு. மலைநாட்டில் பயிர் வளர்த்த வரலாறு என்றால் 1861-இல் சிங்கோனாவுக்காகத் தொடங்கிய ஹக்கலைப் பூங்காவைச் சொல்வார்கள், நுவரெலியாவில் இங்கிலீஷ் மரக்கறி போட்ட சாமுவேல் பேக்கரைச் சொல்வார்கள். லயத்துப் பாத்தி அதில் வராது. கொத்தினவர் பேரில் அந்த நிலம் ஒருநாளும் இருந்ததில்லை, அதனால எந்தப் பதிவிலும் அவர் இல்லை.

காப்பிக் காலத்தில் இந்தப் பாத்தி அநேகமாக இருந்திருக்காது. காப்பிப் பறிப்பு வருஷத்தின் பிற்பகுதியில் சில மாதம்தான். வந்தவர்களில் பெரும்பகுதி வேலை முடிந்ததும் தமிழ்நாட்டுக்கே திரும்பினார்கள். மார்கழி, தை என்பது ஊருக்கு நடக்கிற காலம். அறுவடைக்கு இருக்க மாட்டோம் என்று தெரிஞ்சவன் எதுக்கு விதைப்பான்? 1869-இல் மடுல்சீமையில் காப்பி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறத் தூள் படிந்தது. அந்தப் பூஞ்சண நோய் இருபது வருஷத்துக்குள் இலங்கைக் காப்பியை ஒழித்துக்கட்டியது. அதன் இடத்துக்கு வந்த தேயிலை வருஷம் முழுக்க ஆள் கேட்டது. குடும்பமாகத் தங்கினார்கள். தங்கிய பிறகுதான் லயத்துப் பின்பக்கம் மிளகாயும் முருங்கையும் மரவள்ளியும் வந்தன. எங்க சனம் இந்த மலையில் நிலைத்ததுக்குச் சாட்சி கேட்டால் எல்லாரும் கோயிலைக் காட்டுவாங்க. நாங்க பாத்தியைத்தான் காட்டுவோம்.

அதைத் தயார்ப்படுத்துவது லேசான வேலை இல்லை. தேயிலைக்குப் புளித்த மண் பிடிக்கும். அமிலக் கணக்கில் 4.5-இலிருந்து 5.5 வரை. கோவாவுக்கும் பீட்ரூட்டுக்கும் 6-க்கு மேல் வேணும். இதை யாரும் அளந்து பார்த்துச் செய்யவில்லை. கவ்வாத்து வெட்டும்போது விழுகிற தேயிலைக் கிளை, நாங்கள் மிலாறு என்போமே, அது அடுப்புக்குப் போகும். அடுப்புச் சாம்பல் பாத்திக்குப் போகும். சாம்பலில் இருக்கிற சுண்ணாம்புச் சத்து புளிப்பைக் குறைக்கும், பொட்டாசியம் செடிக்குச் சாப்பாடாகும். தேயிலை கெடுத்த மண்ணைத் தேயிலை விறகாலேயே சரிபண்ணிய கதை இது. வேலியோரத்துக் காட்டுச் சூரியகாந்தியை வெட்டி, மாட்டுச் சாணியோடு புதைத்தால் ஒன்றிரண்டு மாதத்தில் மக்கிவிடும். எல்லாத்துக்கும் முதல் சரிவுக்குக் குறுக்கே கான் வெட்டணும், இல்லாட்டி அடுத்த மழையில் அவ்வளவும் ஓடையில். சரிவு என்பது இங்கே விளையாட்டு இல்லை: 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தைக்குப் பக்கத்தில் மீரியபெத்தையில் மலை இறங்கி லயங்களையே மூடிப்போட்டது.

1948-இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர் ஆக்கியது. காணி கேட்டு நிற்கவே வழியில்லாமல் போச்சு. 1964-இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று கணக்கெழுதியது. அதுக்குப் பிறகு ஒவ்வொரு தையிலும் மண்வெட்டியைத் தூக்குறதுக்கு முன்னால ஒரு கேள்வி இருந்திருக்கும்: போஞ்சி காய்க்கும்போது நாம இங்க இருப்போமா, தலைமன்னாரில் கப்பலுக்கு நிற்போமா?

1972-இலும் 1975-இலும் காணிச் சீர்திருத்தம் தோட்டங்களை அரசு கைக்கு மாற்றியது. லயத்தாருக்கென்று அதில் பங்கு வைக்கவில்லை. நடுவில் 1973–74 பஞ்சம். அரிசிப் பங்கீடு வெட்டப்பட்டது, மாவு கிடைக்கவில்லை, தோட்டங்களில் சாவு கூடியது. அதே வருஷங்களில் இறக்குமதித் தடையால் உருளைக்கிழங்குக்கு நல்ல விலை. வெலிமடைப் பக்கம் சொந்த நிலம் வைத்திருந்த விவசாயி தலைநிமிர்ந்தார். அவரைக் குறை சொல்லவில்லை. மழையும் குளிரும் இரண்டு பேருக்கும் ஒன்றுதான், காணி உறுதி ஒருவரிடம் மட்டும் இருந்தது. லயத்துப் பாத்தியில் மரவள்ளி இருந்த வீடு அதை அவித்துத் தின்றது, இல்லாத வீடு டவுனுக்குக் கையேந்தப் போனது.

1992-இல் தோட்ட நிர்வாகம் தனியார் கம்பனிகளுக்குப் போனது. நிலம் அரசுக்கு, குத்தகை கம்பனிக்கு, பாத்தி மட்டும் வழக்கப்படி நமக்கு! 2022 நெருக்கடியில் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டுத்தோட்டம் போடச் சொன்னார்கள். பேர் விழுந்தால்தான் சம்பளம் என்கிற ஆளுக்கு அந்த வெள்ளிக்கிழமை கிடையாது, கொத்தச் சொந்த மண்ணும் கிடையாது. அவர்கள் அதுக்கு முன்னாலேயே நூறு வருஷமாகக் கொத்திக்கொண்டுதான் இருந்தார்கள் என்பது வேற விஷயம்.

வீட்டுத்திட்டங்களில் முன்பு பேசப்பட்ட கணக்கு 7 பேர்ச், ஏறக்குறைய 1,900 சதுர அடி. வீட்டுக்கு 550 போகும். பாதை, கக்கூஸ், தண்ணித் தொட்டி எல்லாம் கழித்தால் நீளமாக நாலு பாத்தி தாராளமாக வரும். உறுதி கையில் வந்தவர்கள் இன்னும் கொஞ்சப் பேர்தான். மற்றவர்கள் இந்தத் தையிலும் கம்பனிக் காணியைத்தான் கொத்துகிறார்கள். போஞ்சிக்குக் கம்பு வெட்டி லயத்துச் சுவரில் சாய்த்தாச்சு.