ஜூரா ஒயின் வட்டாரம்

கிழக்கு பிரான்சில் பர்கண்டிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் இடையே, ஜூரா மலைத்தொடரின் மேற்குச் சரிவில், வடக்கு தெற்காகச் சுமார் 80 கிலோமீட்டர் நீளும் திராட்சை நிலம். சாகுபடிப் பரப்பு ஏறக்குறைய 2,000 ஹெக்டேர்தான். ஆர்புவா, லோன்-லெ-சோனியே ஆகியவை இதன் முக்கிய ஊர்கள். நிலவியலில் வழங்கும் ஜுராசிக் காலம் பெயர் பெற்றது இந்த மலையிலிருந்தே. சரிவுகளின் மேலே சுண்ணாம்புக்கல்லும், அதற்குக் கீழே சாம்பல், நீல நிறச் சுண்ணாம்புக் களிமண்ணும் காணப்படும். இக்களிமண் மழையில் வழுக்கி இறங்கும். இறங்கிய மண்ணைக் கூடையில் சுமந்து மீண்டும் மேலே கொட்டுவது பழைய தோட்டக்காரர்களின் வழக்கமான குளிர்கால வேலை.

வரலாறு: வட்டாரத்தின் முதல் செல்வம் உப்பு. சலான் ஊரில் நிலத்தடி உப்புநீரைக் காய்ச்சி விற்றனர். உப்பு வணிகம் செழித்த இடத்தில் ஒயினுக்கும் விலை கிடைத்தது. பர்கண்டிக் கோமகன்களிடமும், பின் ஹாப்ஸ்பர்க் அரச குடும்பத்திடமும் இருந்த இந்நிலம் 1678ஆம் ஆண்டின் நைமேகன் உடன்படிக்கையால் பிரான்சுக்குச் சேர்ந்தது. 19ஆம் நூற்றாண்டில் கொடிகள் ஏறத்தாழ 20,000 ஹெக்டேரில் பரவியிருந்தன. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்சரா என்னும் வேர்ப்பேன் அவற்றை அழித்தது. ரயில் பாதை கொண்டுவந்த தெற்கத்திய மலிவு ஒயின் மிச்சத்தையும் முடித்தது.

ஜூரா ஒயினைப் பற்றி எழுதும்போது லூயி பாஸ்டரைத் தாண்டிச் செல்ல முடியாது. 1822இல் தோல் நகரில் பிறந்த அவர், ஆர்புவாவில் தோல் பதனிடுபவரின் மகனாக வளர்ந்தார். ஒயின் கெட்டுப்போவது ஏன் என்று ஆராயும்படி 1863இல் மூன்றாம் நெப்போலியன் கேட்டபோது அவர் வந்து அமர்ந்தது தாம் வளர்ந்த ஆர்புவாவில்தான். அந்த ஆய்வின் முடிவுகள் 1866இல் நூலாயின. 1874இல் ஆர்புவாவுக்கு அருகே சிறு தோட்டம் ஒன்றை வாங்கினார். 1878இல் உடலியல் அறிஞர் கிளோத் பெர்னாரின் குறிப்புகள், அவர் இறந்த பின் வெளியாயின. ஈஸ்ட் இல்லாமலும் சாறு நொதிக்கும் என்றன அவை. பாஸ்டர் வாதத்தோடு நிற்கவில்லை, தோட்டத்துக்கும் இறங்கினார். சில கொடிகளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்து, குலைகளைப் பஞ்சால் பொதிந்தார். ஈஸ்ட் தொடாத பழத்தின் சாறு நொதிக்கவே இல்லை.

திராட்சை வகைகள்: ஐந்து. வெள்ளையில் ஷார்தொனே, சவன்யான். கறுப்பில் பூல்சார், துரூசோ, பினோ நுவார். பரப்பில் ஷார்தொனே முந்தினாலும் வட்டாரத்தின் முகம் சவன்யான்தான். அதை ஷாத்தோ-ஷாலோன் மடத்துக் கன்னியர் ஹங்கேரியிலிருந்து தருவித்தனர் என்பது ஊர்க்கதை. மரபணுச் சோதனையில் அது திராமினர் வகையே என்று தெரிந்துவிட்டது. பூல்சாரின் தோல் மெல்லியது, ஒயினும் வெளிர்சிவப்பு. பூப்பியான் ஊரார் அதைப் புளூசார் என்பார்கள். துரூசோவே போர்ச்சுகலில் பஸ்தார்தோ.

மஞ்சள் ஒயின் (வான் ஜோன்): சவன்யானில் மட்டும் செய்யப்படுவது. மற்ற இடங்களில் பீப்பாயில் ஒயின் ஆவியாகிக் குறையக் குறைய மேலே நிரப்புவார்கள். காற்று பட்டால் கெடும் என்ற பயம். இங்கே நிரப்புவதில்லை. குறைந்த இடத்தில், ஒயினின் மேல் ஈஸ்ட் மெல்லிய ஆடையாகப் படர்கிறது, ஆறிய பாலின் ஏடுபோல. அந்த ஏடு காற்றை அளந்து உள்ளே விடும். குளிரும் வெயிலும் மாறிமாறி உறைக்கும் பரண்களைக்கூட இதற்குத் தேர்வார்கள். ஏட்டுக்குக் கீழே குறைந்தது 60 மாதங்கள். அறுவடையிலிருந்து ஆறு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின்பே விற்பனை. அக்ரூட் மணத்தோடு எழும் இன்னொரு வாசனையைத் தமிழர் உடனே கண்டுகொள்வர்: வறுத்த வெந்தயம். இந்த ஒயினிலும் வெந்தயத்திலும் இருப்பது சோதோலோன் என்ற ஒரே சேர்மம்.

இதன் கட்டைக்குட்டைப் புட்டி கிளாவலான், 62 சென்டிலிட்டர். ஒரு லிட்டரில் ஆறாண்டுக்குப் பின் எஞ்சுவது அவ்வளவு என்பார்கள். பீப்பாய்க்குப் பீப்பாய் இழப்பு மாறும். ஆகவே இதைக் கணக்கு என்பதைவிடக் கதை என்றே கொள்ளலாம். 1774ஆம் ஆண்டின் மஞ்சள் ஒயின் புட்டி ஒன்று 2018இல் லோன்-லெ-சோனியே ஏலத்தில் 1,03,700 யூரோவுக்குப் போனது.

பிற வகைகள்: வைக்கோல் ஒயின் (வான் த பாய்), பழத்தைக் குறைந்தது ஆறு வாரம் உலர்த்திப் பிழியும் இனிப்பு ஒயின், முன்பு வைக்கோல்மேல் பரப்பினர், இப்போது பெட்டிகளில் வைத்தும் தொங்கவிட்டும் உலர்த்துகின்றனர். மக்வான், நொதிக்காத சாற்றில் சக்கையிலிருந்து வடித்த சாராயத்தைச் சேர்த்தது. கிரெமான், நுரைக்கும் வகை.

வகைப்பாடு: புவிசார் குறியீட்டுக்கு முன்னோடியான ஏ.ஓ.சி. தகுதியைப் பிரான்சில் முதலில் பெற்றவற்றுள் ஆர்புவாவும் ஒன்று, 1936இல். அதே ஆண்டில் ஷாத்தோ-ஷாலோன், 1937இல் லேத்துவால், கோத் தியு ஜூரா. ஷாத்தோ-ஷாலோன் பெயர் மஞ்சள் ஒயினுக்கு மட்டும். பழம் சரியில்லாத ஆண்டில் அப்பெயரையே விட்டுவிடுவார்கள்; 1974, 1980, 1984 ஆண்டுகளில் அதுவே நடந்தது.

இன்றைய நிலை: மருந்தும் சேர்மானமும் இல்லாத இயற்கை ஒயின் இயக்கத்தால் உலக நகரங்களில் தேவை கூடியுள்ளது, 1997 முதல் பிப்ரவரியில் மஞ்சள் ஒயின் விழா நடக்கிறது, 2021 ஏப்ரல் உறைபனி விளைச்சலில் பெரும்பகுதியைக் கருக்கியது.