சுண்ணாம்பு காத்த சிலைகள்

கொடிவேரியில் பிரியும் தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்கள் பாய்ந்து நெல் விளையும் கோபிசெட்டிபாளையம் வட்டாரத்தில் பாசிக்குப் பஞ்சமில்லை. வயலோரம் திறந்தவெளியில் அமர்ந்திருக்கும் முனியப்பன் சிலையில் அது முதலில் பிடிக்கும் இடங்கள் மழைநீர் தேங்கும் மடி, அருகில் நிற்கும் குதிரையின் காதுப் பின்பக்கம், வெயில் குறைவாக விழும் வடபுறம். ஐப்பசி மழையில் பச்சையாகப் படர்ந்தது பங்குனி வெயிலில் காய்ந்து கறுத்துவிடும். உடனே நல்ல பெயின்டைத் தேடுகிறோம். ஆனால் பழைய சுதைச் சிலைகளைக் காத்தது, தவறாமல் திரும்பத் திரும்ப நடந்த சுண்ணாம்பு வேலைதான் என்பேன்.

சிமென்ட் வருமுன் செங்கல் கட்டி, சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்து அரைத்த காரையால் உருவம் பிடித்தார்கள். பொங்கலுக்கு முன்னும் நோன்பி என்னும் கோயில் திருவிழா சாட்டும்போதும் கோயிலுக்கு வெள்ளையடித்தார்கள். பொங்கல் வருவது வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பாசி செழித்து நிற்கும் நேரம். சுண்ணாம்புத் தண்ணீரின் காரம் பிஹெச் கணக்கில் 12-க்கு மேல். அதில் பாசி பிழைக்காது. இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் 1824-இல் காப்புரிமை பெற்ற போர்ட்லண்ட் சிமென்டுக்கு, 1934-இல் கோவையை அடுத்த மதுக்கரையிலேயே ஆலை வந்தது. புது சிமென்டிலும் அதே காரம் உண்டு. அதனால் புதுச் சிலை சில காலம் சுத்தமாகவே நிற்கும். காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு பட்டுப் பட்டு மேற்பரப்பின் காரம் 9-க்குக் கீழே இறங்கியதும் பாசி ஒட்டுகிறது. சிமென்ட் கெட்டியானது என்று நம்பி வருடாந்தர வேலையைக் கைவிட்டதுதான் பிழை. 12 ஆண்டுக்கு ஒருமுறை வரும் கும்பாபிஷேகம் வரை பாசி காத்திருக்காது.

வெள்ளையடித்தது அழகுக்குத்தானே என்று கேட்கலாம். இருக்கட்டும், நோக்கம் அழகானாலும் பலன் காப்பாகவும் இருந்தது. ஒரே மழைக்காலத்தில் சுண்ணாம்பு கரைந்துவிடும் என்பதும் உண்மை. அப்படிக் கரைந்ததால்தான் ஆண்டுதோறும் ஒருவர் சாரத்தில் ஏறிச் சிலையைத் தேய்த்தார், விரிசலைக் கண்டு அடைத்தார். வண்ணச் சிலைக்கு வெள்ளையடிக்க முடியாது என்ற மறுப்புதான் வலுவானது. அதற்கு ஜெர்மனியில் கைம் என்பவர் 1878-இல் காப்புரிமை பெற்ற சிலிகேட் வண்ணங்கள் இருக்கின்றன. அவையும் காரமானவை, உள்ளிருக்கும் ஈரத்தை வெளியே விடுபவை. தடித்த பிளாஸ்டிக் பெயின்டோ விரிசல் வழியே புகுந்த நீரைச் சிறைப்பிடித்து, கொப்பளித்து உரியும். ஆசிட் ஊற்றிக் கழுவினால் மேற்பரப்பு சொரசொரப்பாகி, அடுத்த பாசிக்கு நல்ல பிடி கிடைக்கும்.

கோயில் கமிட்டியினர் தை பிறக்குமுன் நார் பிரஷால் பாசியைத் தேய்த்தெடுத்து, சிலையை நன்றாகக் காயவிட வேண்டும். வண்ணம் வாங்கும் முன், மடியில் நீர் தேங்காதபடி கொஞ்சம் காரை பூசிச் சரிவு கொடுங்கள்.