நிருபமா வைத்தியநாதன்: டெனிஸ் வரலாற்றில் ஒரு தமிழ்ப் பெண்

டெனிஸ் ஆட்டம் நம் மலைநாட்டிற் கால்கொண்ட கதை தோட்டத்துரைமாரின் கதையோடு பிணைந்ததாகும். இங்கிலாந்திலே விங்ஃபீல்ட் என்பார் அவ்வாட்டத்துக்கு 1874இல் உரிமம் பெற்றார். ஈராண்டு கழித்து, 1876இல், நுவரெலியாவில் ‘ஹில் கிளப்’ நிறுவப்பெற்றது. நெடுங்காலம் அது வெள்ளை ஆடவர்க்கே உரிய கழகமாயிருந்தது. துரைமார் பங்களாக்களை அடுத்திருந்த டெனிஸ் களங்களும் ஏறக்குறைய அத்தன்மையனவே. லயன்களில் வாழ்ந்த தமிழ்ப் பெண்ணுக்குக் கொழுந்துக்கூடை வாய்த்ததேயன்றி மட்டை வாய்க்கவில்லை. ஆதலின், தமிழ்ப் பெண்ணொருத்தி இவ்வாட்டத்தில் உலக அரங்கேறிய வரலாறு நாம் கருதத்தக்கது.

அவருக்கு முன்னோடியாகப் பம்பாயைச் சேர்ந்த லீலா ராவைச் சொல்லவேண்டும். 1934இல் விம்பிள்டன் ஒற்றையர் ஆட்டமொன்றில் வென்ற முதல் இந்தியப் பெண்மணி அவரே. அவருடைய அன்னையார் வடமொழிக் கவிஞர் பண்டிதை க்ஷமா ராவ். அன்னையாரும் டெனிஸ் ஆடியவர். காவியமும் பந்தாட்டமும் ஒரே மனையில் வளர்ந்தமை, விளையாட்டைக் கல்விக்குப் பகையெனக் கருதுவோர் அறியவேண்டியதொன்று.

நிருபமா 1976இல் கோயம்புத்தூரிற் பிறந்தார். கிரிக்கெட் வீரரான தந்தையாரே அவருக்கு முதலாசிரியர். பதினான்காம் வயதிலேயே இந்தியத் தேசிய மகளிர் பட்டத்தை வென்றார். ஆயினும் தேசியப் பட்டம் உலகப் போட்டிகளுக்கு வழிச்செலவு தருவதில்லை. தரவரிசைப் புள்ளிகளைப் பெற நாடுவிட்டு நாடு சென்று ஆடிக்கொண்டே இருத்தல் வேண்டும். செல்வரின் ஆதரவோ உடன்செல்லும் பயிற்சியாளரோ இல்லாதார்க்கு அது பெருஞ்சுமை. அச்சுமையுடனேயே அவர் 1998இல் அவுஸ்திரேலியப் போட்டியின் முதற்சுற்றில் இத்தாலியரான குளோரியா பிட்சிகினியை வென்றார். தொழின்முறை ஆட்டக்காரருக்கும் பெரும்போட்டிகள் திறந்துவிடப்பட்ட 1968க்குப் பின், அத்தகைய போட்டியொன்றின் ஒற்றையர் பிரதான சுற்றில் இந்தியப் பெண்ணொருவர் ஈட்டிய முதல் வெற்றி அது. அவ்வாண்டே பாங்கொக் ஆசிய விளையாட்டு விழாவில் மகேஷ் பூபதியுடன் கலப்பிரட்டையரில் வெண்கலம் பெற்றார். 2000இல் சிட்னி ஒலிம்பிக்கில் மனிஷா மல்கோத்ராவுடன் இரட்டையர் ஆடினார்.

2005இல் சானியா மிர்சா ஹைதராபாத்தில் மகளிர் டெனிஸ் சங்கத்துப் பட்டம் வென்றபோது நாடெங்கும் எழுந்த ஆரவாரம் நிருபமாவுக்கு வாய்த்ததில்லை. வெற்றியின் அளவு வேறென்பது மெய்யே. எனினும் ஏழாண்டுகளுக்கு முன் வழியைத் திறந்தவர் இவ்வளவு விரைவில் மறக்கப்பட்டது முறையன்று என்பதே எம் கருத்து.

திருமணத்தின் பின் நிருபமா சஞ்சீவ் எனப் பெயர் பூண்டு கலிபோர்னியாவிற் குடியேறிய அவர், அங்கே பயிற்சிக்கூடம் நடத்தலானார். தாயான பின்னரும் 2010இல் மீண்டும் போட்டிக்களம் புகுந்தார். தம் வரலாற்றைத் தாமே எழுதி 2013இல் வெளியிட்டார். ‘மூன்பாலர்’ என்பது அந்நூற்பெயர். எதிராளி சலிக்குமளவும் பந்தை வானளாவ உயர்த்தி அனுப்பி ஆடுபவரைக் குறிக்கும் சொல் அது.