கொழுப்பமிலங்கள் பெயர் பெற்ற வரலாறு

சோப்புக் காய்ச்சும் தொழில் பல நூற்றாண்டுகளாக மனிதருக்குக் கைவந்ததாயிருந்தும், கொப்பரையில் கொழுப்பும் காரமும் கூடிக் கொதிக்கையில் உள்ளே நிகழ்வது யாதென்பதை, பத்தொன்பதாம் நூற்றாண்டு பிறக்கும் வரையில் எவரும் தெளிவாக அறிந்தாரில்லை. கொழுப்பு அப்படியே காரத்தோடு ஒன்றிவிடுவதுதான் சோப்பு என்பது ரசாயன பண்டிதர்களின் நம்பிக்கையாயிருந்தது. ஸ்வீடன் தேசத்து ஷீலே, 1779-ஆம் ஆண்டில், நம் வைத்தியர்கள் மிருதாரசிங்கி என வழங்கும் ஈயப் பொருளோடு ஆலிவ் எண்ணெயைக் காய்ச்சித் தித்திப்பான திரவம் ஒன்றைப் பிரித்தெடுத்தார். ஆயினும் எண்ணெயின் அமைப்பில் அதற்குரிய ஸ்தானம் இன்னதென்று அப்பொழுது விளங்கவில்லை.

விளக்கியவர் பிரான்ஸ் தேசத்து மிஷேல் ஷெவ்ரேல். 1786-இல் பிறந்து, நூற்றிரண்டு பிராயம் நிரம்பி வாழ்ந்து, 1889-இல் மறைந்த அப்பெரியார், 1811-ஆம் ஆண்டில் பன்றிக் கொழுப்பையும் பொட்டாஷையும் சேர்த்துச் செய்த ஒரு சோப்பைப் பரிசோதிக்கலானார். மிகுந்த நீரில் அதைக் கரைத்தபோது, ஒரு பகுதி கரைந்துபோக, எஞ்சியது முத்தின் ஒளியோடு மின்னும் மெல்லிய செதில்களாகப் பாத்திரத்தின் அடியில் படிந்தது. அச்செதில்களை அமிலமிட்டுச் சிதைத்து அவர் பெற்றதோ, பார்வைக்குக் கொழுப்பாகவும், லிட்மஸைச் சிவக்கச் செய்வதில் அமிலமாகவும், ஆல்கஹாலில் எளிதிற் கரைவதாகவும் இருந்த ஒரு புதுப் பொருள். முத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லைக்கொண்டு அதற்கு மார்காரிக் அமிலம் என்று அவர் பெயரிட்டார்.

இதன்பின் பன்னிரண்டாண்டுக் காலம், ஒவ்வொரு பொருளையும் திரும்பத் திரும்பக் கரைத்தும், படியவைத்தும், அதன் உருகுநிலை இனி மாறுவதில்லை என்று கண்ட பின்னரே அதைத் தூயதென ஏற்றும் அவர் உழைத்த உழைப்பை நினைக்கும்போது, அங்கக ரசாயனம் என்னும் சாஸ்திரத்திற்கு நியமத்தைக் கற்பித்தவர்களுள் முன்வரிசையில் அவரை வைக்கத் தோன்றுகிறது. கொழுப்பிலிருந்து பிரிந்த அமிலங்களையும், ஷீலே கண்ட தித்திப்பையும் நிறுத்துப் பார்த்து, இரண்டின் எடையும் கூடி முதலிலிருந்த கொழுப்பின் எடையை மிஞ்சுவதை அவர் கவனித்தார். பிரியும்போது நீரின் கூறுகள் அவற்றோடு சேர்கின்றன என்பதே அதன் காரணமென்று துணிந்தார். அத்தித்திப்புக்குக் கிளிசரின் என்ற பெயரும் அவர் இட்டதே. 1823-இல் அவருடைய ஆராய்ச்சி முழுமையும் நூலாக வெளிவந்தது.

அவர் சூட்டிய பெயர்கள் பெரும்பாலும் பொருள் கிடைத்த இடத்தைச் சுட்டுவன. கட்டிக் கொழுப்பிலிருந்து ஸ்டியரிக், எண்ணெயிலிருந்து ஓலெயிக், வெண்ணெயிலிருந்து பியூட்டிரிக். வெள்ளாட்டின் லத்தீன் பெயரிலிருந்து காப்ரிக், காப்ராயிக். பின்வந்தோரும் அவ்வழியையே பற்றினர்: ஜாதிக்காயிலிருந்து பிளேஃபேர் 1841-இல் கண்டது மிரிஸ்டிக், பனை எண்ணெயிலிருந்து ஃப்ரெமி பெற்றது பால்மிடிக், வேர்க்கடலையிலிருந்து வந்தது அராக்கிடிக். இம்முறையில் ஒரு குறையுமுண்டு. லாரிக் அமிலம் லாரல் என்னும் ஐரோப்பிய மரத்தின் கனியால் பெயர் பெற்றது. ஆனால் நம் தேங்காயெண்ணெயின் கொழுப்பமிலங்களில் ஏறக்குறையப் பாதி அதுவே. தென்னைக்கு உரிய பெருமை, முதலில் கைக்கு அகப்பட்ட மரத்திற்குப் போயிற்று.

இவ்வமிலங்களின் அமைப்பு ஒருவகையில் எளியது. கரியணுக்கள் வரிசையாய்க் கோத்து நிற்க, அவற்றின்மேல் ஹைட்ரஜன் அணுக்கள் பொருந்தியிருக்க, ஒரு முனையில் மாத்திரம் பிராணவாயு சேர்ந்த அமிலத் தலை அமைந்திருக்கும். ஜீவராசிகள் இச்சங்கிலியை இரண்டிரண்டு கரியணுவாக வளர்ப்பதால், இயற்கையில் பெரும்பாலும் இரட்டை எண்களே காணப்படும்: பால்மிடிக்கில் 16, ஸ்டியரிக்கில் 18. ஓலெயிக்கிலும் 18-தான், ஆனால் அமிலத் தலையிலிருந்து எண்ணினால் ஒன்பதாம் பத்தாம் அணுக்களுக்கிடையே இரட்டைப் பிணைப்பு இருப்பதால் சங்கிலி அவ்விடத்தில் வளைகிறது. நேரான சங்கிலிகள் அடுக்கிய விறகுபோல் நெருங்கிப் படிவதால் ஸ்டியரிக் 69 பாகை வெப்பத்திற்குமேல்தான் உருகும். வளைந்த ஓலெயிக்கோ சாதாரண வெப்பத்திலேயே எண்ணெயாய் ஓடும். இத்தகைய அமிலங்கள் மூன்று ஒரு கிளிசரினோடு இணைந்ததே கொழுப்பு என்பதை, அவற்றை மறுபடியும் சேர்த்துக் கொழுப்பையே ஆக்கிக்காட்டி, பெர்த்தலோ 1854-இல் ஸ்தாபித்தார்.

இதற்கிடையில் ஷெவ்ரேலின் முத்துக்கு ஒரு சோதனை வந்தது. மார்காரிக் அமிலம் தனிப்பொருளன்று, பால்மிடிக்கும் ஸ்டியரிக்கும் கலந்த கலவையே என்று ஜெர்மானியராகிய ஹைன்ட்ஸ் ஐம்பதுகளில் நிரூபித்தார். உருகுநிலையை அத்தனை நம்பியவரையும் அக்கலவை ஏமாற்றிவிட்டதென்றால், கொழுப்புகளைப் பிரிப்பது எவ்வளவு கடினமானது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. அவருடைய கீர்த்திக்கு அதனால் குறைவுமில்லை. அப்பெயர் பிற்காலத்தில் 17 கரியணு கொண்ட உண்மையான அமிலத்திற்கு வழங்கலாயிற்று; பசுவின் பாற்கொழுப்பில் அது சிறிதளவு உண்டு.

1892-இல் ஜெனீவாவில் கூடிய ரசாயன அறிஞர்கள், கரியணுக்களின் எண்ணிக்கையைக்கொண்டே பெயரிடும் விதியை வகுத்தனர். அதன்படி ஸ்டியரிக் என்பது ஆக்டாடெக்கனாயிக் ஆகிறது. விதி சிறந்ததே, சொன்ன மாத்திரத்தில் அமைப்பு தெரிகிறது. எனினும் சோப்பு ஆலையிலும் மெழுகுவர்த்திப் பட்டறையிலும் இன்றுவரை ஸ்டியரிக் என்றே வழங்குகிறார்கள். ஆகவே, இப்பாடத்தைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் விதியை எழுதிப்போட்டதோடு நிறுத்தாமல், ஷெவ்ரேலின் சோதனையையும் மாணவர் கண்முன் செய்துகாட்ட வேண்டும். அதற்கு வேண்டியவை ஒரு துண்டு சோப்பும், நீரும், சிறிது அமிலமுமே.