துருத்திக்காரன்

கொங்கு நாட்டுக் கொல்லுப் பட்டறையில் இரும்பை அடிப்பவர் ஒருவர். துருத்தி ஊதுகிற பையன் ஒருவன். தேவாலயத்து ஆர்கனுக்கும் ஒரு காலத்தில் இதே நியதிதான்.

சென்னை எழும்பூர் ஆண்ட்ரூ கிர்க் தேவாலயத்து ஆர்கன், இங்கிலாந்தில் ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரத்துக் கானாக்கர் கம்பெனி செய்தது. வந்த ஆண்டு 1883. கிறிஸ்துமஸ் காலையில் அத்தகைய ஆர்கன்முன் இளைஞர் ஒருவர் அமர்ந்து கீதம் எழுப்பினால், நாம் அவர் விரல்களையே மெச்சுகிறோம். குழாய்களுக்கு மூச்சு வேண்டாமா? அந்தக் காலத்தில் மறைவில் நின்று ஓர் ஆள் துருத்தியை அழுத்திக்கொண்டே இருப்பான். அவன் கை ஓய்ந்தால் கீதமும் ஓய்ந்துவிடும்.

மின்சாரம் வந்தது, அவன் வீட்டுக்குப் போனான். 1932-இல் எழுந்த பைக்காரா மின்நிலையம் கோயமுத்தூர் ஆலைகளுக்கு உயிரூட்டியதைச் சரித்திரம் மறக்கவில்லை. கீதத்துக்கு உயிரூட்டிய துருத்திக்காரர்களில் எத்தனை பேருடைய பெயர் நமக்குத் தெரியும்?