குதிர், கண்மாய், ரயில்: தாது வருஷப் பஞ்சம் சொல்லும் கணக்கு

மதுரையிலிருந்து திண்டுக்கல் போகும் ரயில், கூடல்நகரைத் தாண்டியதும் சமயநல்லூரைத் தொடும். பக்கத்திலேயே வைகை. திருச்சியிலிருந்து மதுரைக்கு இந்த ரயில் பாதை திறக்கப்பட்டது 1875ல். பஞ்சம் வந்தால் தானியத்தை ரயிலில் ஏற்றி ஒரே நாளில் கொண்டுவந்து விடலாம், இனிமேல் யாரும் பட்டினியால் சாக வேண்டியதில்லை என்று அன்றைய அதிகாரிகள் பலர் நம்பினார்கள்.

அடுத்த வருஷமே வந்தது தாது வருஷப் பஞ்சம்! 1876 முதல் 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் சென்னை மாகாணம், மைசூர், பம்பாய், ஹைதராபாத் பகுதிகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். ரயில் இருந்தும் ஏன் இப்படி ஆனது? அதைப் புரிந்துகொள்ள முதலில் அந்தக் கால வீட்டுக்குள் போய்ப் பார்க்க வேண்டும்.

வீட்டில் இருந்த சேமிப்பு

வைகைக் கரைச் சம்சாரிகளுக்கு மழை பொய்ப்பது புதிதல்ல. அதற்கென்றே ஏற்பாடுகள் இருந்தன. களிமண்ணோடு வைக்கோலைப் பிசைந்து, உறை உறையாகச் செய்து, ஒன்றின் மேல் ஒன்று அடுக்கினால் அது குதிர். மேலே நெல்லைக் கொட்டி மூடி, விளிம்பைச் சாணமும் மண்ணும் கலந்து பூசி விடுவார்கள். எடுப்பதற்குக் கீழே ஒரு துளை. வசதியானவர்கள் வீட்டில் மரத்தால் செய்த பத்தாயம் இருக்கும்.

அரிசியாக்கி வைக்காமல் நெல்லாகவே வைத்ததற்குக் காரணம் உண்டு. உமி இருக்கும்வரை பூச்சி எளிதில் அண்டாது. போடுவதற்கு முன் நன்றாகக் காய வைப்பார்கள். பல்லால் கடித்துப் பார்த்து, 'கடுக்' என்று ஒடிந்தால்தான் குதிருக்குள் போகும். வேப்பிலையும் நொச்சி இலையும் ஊடே போடுவது வழக்கம். கேழ்வரகும் வரகும் நெல்லை விடவும் நாள்பட நிற்கும். கோபுரக் கலசத்துக்குள் வரகை நிரப்பும் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள்.

விதை நெல் தனி. வைக்கோல் பிரியைச் சுற்றிக் கோட்டையாகக் கட்டி, மேலே சாணி பூசி வைப்பார்கள். வீட்டில் எவ்வளவு கஷ்டம் என்றாலும் அதில் கை வைக்கக் கூடாது. வணிகக் கணக்கில் சொன்னால் குதிரில் இருப்பது செலவுக்கான கையிருப்பு, விதைக்கோட்டையில் இருப்பது முதல். முதலைத் தின்றுவிட்டால் அடுத்த வருஷம் தொழிலே இல்லை.

ஆனால் இந்த ஏற்பாடெல்லாம் நிலம் வைத்திருந்தவர்களுக்கு. அன்றாடம் வேலை செய்து அன்றாடம் தானியமாகக் கூலி வாங்கிய குடும்பத்துக்குக் குதிர் எதற்கு? அதில் போட என்ன இருந்தது? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் இருந்த சேமிப்பு

வீட்டுக்குக் குதிர் போல ஊருக்குக் கண்மாய். வைகையில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடாது. வரும்போது பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு கண்மாய் நிறைந்தால் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்குப் போகும்படி சங்கிலித் தொடராக வெட்டினார்கள். கரையைப் பலப்படுத்துவது, வரத்துக் கால்வாயைச் சுத்தம் செய்வது, வண்டல் எடுப்பது எல்லாம் ஊர்க்காரர்களே சேர்ந்து செய்யும் வேலை. குடிமராமத்து என்று பெயர்.

கம்பெனி ஆட்சிக் காலத்திலேயே இது தளர ஆரம்பித்துவிட்டது. வருமானம் அரசாங்கத்துக்கும் வேலை மட்டும் ஊருக்கும் என்றானபோது, பராமரிப்பு பல இடங்களில் யாருக்கும் சொந்தமில்லாத வேலையாகிப் போனது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. ரயத்துவாரி முறையில் நிலவரியைப் பணமாகக் கட்ட வேண்டும். கிஸ்தி கட்டும் நாள் வந்தால் அறுவடை ஆனதும் நெல்லை விற்றே ஆக வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றால் விலை சரியும். அதனால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக விற்க வேண்டும். இப்படித்தான் குதிரில் கிடக்க வேண்டிய நெல் வியாபாரியின் கிடங்குக்குப் போனது.

தாது வருஷம்

1876ல் தென்மேற்குப் பருவமழையும் சரியில்லை, வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. விலை கிடுகிடுவென்று ஏறியது. இங்கேதான் ரயிலின் கதை வருகிறது. ரயில் தானியத்தைக் கொண்டுவந்தது உண்மை. வங்காளத்திலிருந்தும் பர்மாவிலிருந்தும் கப்பலில் வந்த அரிசி ரயிலில் உள்நாட்டுக்குப் போனது. ஆனால் சரக்கு விலை அதிகமுள்ள இடத்தைத் தேடித்தான் போகும், பசி அதிகமுள்ள இடத்தைத் தேடிப் போகாது. கடையில் அரிசி இருந்தது. வாங்கக் காசு இல்லை. விவசாயம் நின்றதால் கூலிக்காரர்களுக்கு வேலை போனது. துணி வாங்க ஆளில்லாததால் நெசவாளர்களுக்கும் பிழைப்பு போனது. முதலில் செத்தவர்கள் குதிர் இல்லாதவர்கள்தான்.

வைஸ்ராய் லிட்டன் பிரபு 1877 ஜனவரி 1ஆம் தேதி டில்லியில் பெரிய தர்பார் நடத்திக்கொண்டிருந்தார். அதே மாதம் செலவைக் குறைப்பதற்காகச் சென்னைக்கு அனுப்பப்பட்டார் சர் ரிச்சர்ட் டெம்பிள். நிவாரண வேலையில் கல் உடைப்பவருக்கும் மண் சுமப்பவருக்கும் தானியக் கணக்கு ஒரு நாளைக்கு 1 பவுண்டு என்று குறைத்தார். அதாவது சுமார் 450 கிராம்! மாகாண சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ் இதை எதிர்த்தார். உடல் உழைப்புக்குக் குறைந்தது ஒன்றரை பவுண்டு தானியமும், அதோடு காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று வாதாடினார். அந்த அரை பவுண்டுக்காக நடந்த சண்டையில் கோப்புகள் நகர்ந்தன. முகாம்களில் மனிதர்கள் செத்தார்கள்.

மதுரையில் இன்றும் ஒரு பெயரைச் சொல்வார்கள். குஞ்சரத்தம்மாள் என்ற தாசி. தன் சொத்தை விற்று, பசித்து வந்தவர்களுக்கெல்லாம் கஞ்சி ஊற்றியவர் என்பது ஊர் வழக்கு. சிவகங்கைப் புலவர் வில்லியப்ப பிள்ளை இந்தப் பஞ்சத்தை வைத்து 'பஞ்சலட்சணத் திருமுக விலாசம்' என்றொரு நூலே எழுதினார். அதில் மதுரைச் சொக்கநாதரே தன்னால் சமாளிக்க முடியாமல், பக்தர்களிடம் சிவகங்கை ஜமீன்தாருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுக்கிறார். கடவுளாலேயே முடியவில்லை என்று கேலி செய்யும் அளவுக்கு இருந்திருக்கிறது நிலைமை. போக வழி இருந்தவர்கள் இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குக் கிளம்பினார்கள்.

பிறகு நடந்தது

1880ல் பஞ்ச விசாரணைக் குழு அறிக்கை கொடுத்தது. அதிலிருந்து பஞ்ச நிவாரண விதிகள் உருவாயின. பட்டினிச் சாவைத் தடுப்பது அரசாங்கத்தின் வேலை என்பது விதிகளாக எழுத்தில் வந்தது. நெடுநாளாகப் பேச்சிலேயே இருந்த பெரியாறு அணைத் திட்டமும் வேகம் பிடித்தது. பென்னிகுவிக் கட்டிய அந்த அணை 1895 அக்டோபரில் திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய தண்ணீர் வைகைக்கு வந்தது. மதுரைக்கு வடக்கேயும் மேலூர்ப் பக்கமும் வயல்கள் விளைந்தது அதனால்தான். 1965ல் இந்திய உணவுக் கழகம் தொடங்கப்பட்டது. குதிரின் வேலையை அரசுக் கிடங்கும் ரேஷன் கடையும் எடுத்துக்கொண்டன.

இது பெரிய முன்னேற்றம். குதிர் நிலமுள்ளவனுக்கு மட்டும்தான் சோறு போட்டது, ரேஷன் அட்டை கூலிக்காரனுக்கும் போடுகிறது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து வேலை நின்றபோது பல குடும்பங்களைத் தாங்கியது ரேஷன் அரிசிதான்.

ஆனால் அந்த முதல் வாரத்தில் மளிகைக் கடை வாசலில் நின்ற கூட்டத்தையும் மறக்க முடியாது. இரண்டு நாள் சாமான்கூட வீட்டில் இல்லாமல், வேண்டும்போது வாங்கிக்கொள்ளலாம் என்று வாழப் பழகியதன் விளைவு அது. ஒரு மாதத்துக்கான அரிசி, பருப்பு, உப்பு, புளி, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரை, கொஞ்சம் ரொக்கம், மூடி வைத்த குடிதண்ணீர்... முடிந்தவர்கள் இவ்வளவு வைத்துக்கொண்டால் முதல் சில வாரங்களைச் சமாளிக்கலாம்.

அதற்கு மேல் வீட்டுக் கையிருப்பு தாங்காது என்பதுதான் தாது வருஷத்தின் கணக்கு. இரண்டு மழை பொய்த்தால் எவ்வளவு பெரிய குதிரும் காலியாகும். அப்போது ஊரின் கண்மாயில் தண்ணீர் வேண்டும், அரசாங்கத்தின் கிடங்கு திறக்க வேண்டும். மூன்றில் ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. 1876ல் முதல் இரண்டும் தளர்ந்திருந்தன, மூன்றாவது 450 கிராமோடு கையை இறுக்கிக்கொண்டது.

இன்று மூன்றாவது பலமாக இருக்கிறது. முதலாவதை நாமே சரி செய்துகொள்ளலாம். நடுவில் இருப்பது? உங்கள் ஊர்க் கண்மாய் இப்போது எப்படி இருக்கிறது, அதன் வரத்துக் கால்வாய் எங்கே போனது என்று ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்.