பாதி தூக்கலின் முழுக் கதை

ஜிம்மில் பாரத்தை முழுதாக இறக்காமல் பாதியிலேயே திருப்பித் தூக்குபவரைப் பார்த்தால் எல்லோருக்கும் சிரிப்பு வரும். "பாதி ரெப்" என்பது கிட்டத்தட்ட ஒரு வசவுச் சொல். ஆனால் உலகின் மிகப் பெரிய பலசாலிகளில் ஒருவர் இந்தப் பாதி ரெப்பை வைத்துத்தான் தன் கால்களை வளர்த்தார் என்றால் நம்புவீர்களா? வாருங்கள், கதைக்குப் போவோம்.

பால் ஆண்டர்சன் 1932ல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் டொக்கோவா என்ற சிற்றூரில் பிறந்தார். பெரிய பயிற்சிக்கூட வசதி எதுவும் கிடையாது. கான்கிரீட் நிரப்பிய பீப்பாய்கள் போன்ற வீட்டுத் தயாரிப்புகள்தான் அவருடைய எடைகள். முழு ஸ்குவாட், அதாவது நம் ஊர் பஸ்கி, செய்ய முடியாத அளவு பாரத்தைச் சுமக்க அவர் ஒரு வழி கண்டுபிடித்தார். தரையில் ஒரு குழி தோண்டினார். குழிக்குள் அவர் நிற்க, பாரம் மேலே தரையில் இருக்கும். முழங்காலைச் சில அங்குலம் மடக்கினாலே தோள் கம்பிக்கு வந்துவிடும். அப்படியே நிமிர்ந்து தூக்குவார். சில நாள் கழித்துக் குழியில் கொஞ்சம் மண் போடுவார். தரை உயர உயர, அதே பாரத்துக்கு இன்னும் அதிகமாகக் குனிய வேண்டும். குழி முழுதாக நிரம்பும்போது அது முழு ஸ்குவாட் ஆகிவிடும்!

பலன்? 1955ல் பனிப்போர் நடுவே மாஸ்கோ போனார். தலைக்கு மேல் 182.5 கிலோ பிரஸ் செய்து ரஷ்யர்களை வாய்பிளக்க வைத்தார். அதே ஆண்டு மியூனிக்கில் உலக சாம்பியன். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் காய்ச்சலோடு போட்டியிட்டார். கடைசிப் பிரிவில் 187.5 கிலோவை இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாவது முறை தூக்கினார். அர்ஜென்டினாவின் செல்வெட்டியும் அவரும் மொத்தம் 500 கிலோ எனச் சமம். உடல் எடை குறைவாக இருந்ததால் தங்கம் ஆண்டர்சனுக்கு.

இது எப்படி வேலை செய்கிறது? ஸ்குவாட்டில் கீழே இறங்க இறங்க, இடுப்பும் முழங்காலும் பாரத்தின் நேர்க்கோட்டிலிருந்து விலகும். நெம்புகோல் தூரம் கூடும். அதனால்தான் மேல்பாதி சுலபம், கீழ்ப்பாதி கஷ்டம். மேல்பாதியில் மட்டும் செய்தால் நிறைய பாரம் தாங்கலாம். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. எந்தக் கோணத்தில் பழகுகிறோமோ, அந்தக் கோணத்தை ஒட்டித்தான் பலம் அதிகம் கூடும். ஆண்டர்சன் அந்தச் சிக்கலை மண் போட்டே தீர்த்தார். மேல்பாதியிலேயே நின்றுவிடாமல், அதை ஒரு ஏணியாக வைத்துக் கீழ்ப்பாதிக்கு இறங்கினார்.

அடுத்த அத்தியாயம் கொஞ்சம் கசப்பானது. பென்சில்வேனியாவின் யார்க் நகரில் பாப் ஹாஃப்மன் என்பவர் பார்பெல் கம்பெனியும் பத்திரிகையும் நடத்தி வந்தார். 1960களின் தொடக்கத்தில், இரும்புச் சட்டத்துக்குள் கம்பியைச் சில அங்குலம் மட்டும் தூக்கி, மேலே உள்ள தடுப்பில் முட்டி, சில நொடிகள் முழு பலத்தோடு அழுத்தும் முறையைப் பிரபலமாக்கினார். இதற்குச் சாட்சி, டாக்டர் ஜான் சீக்லரிடம் பயின்ற பில் மார்ச், லூயி ரீக் என்ற இருவர். ரீக் 1964ல் ஸ்நாட்ச்சில் உலக சாதனையே படைத்தார். மக்கள் சட்டங்களை வாங்கிக் குவித்தார்கள். மார்ச்சும் ரீக்கும் சீக்லர் கொடுத்த டயனபால் என்ற ஸ்டீராய்டு மாத்திரையையும் எடுத்து வந்தார்கள் என்பது பிறகுதான் வெளியே தெரிந்தது. முறையில் கொஞ்சம் பலன் உண்டு, பொய் இல்லை. ஆனால் மாத்திரை செய்த வேலைக்கும் சேர்த்து இரும்புச் சட்டம் பாராட்டு வாங்கிக்கொண்டது. வீட்டில் சட்டம் வாங்கி உழைத்து, "எனக்கு மட்டும் ஏன் வரவில்லை" என்று குழம்பிய பையன்களை நினைத்துப் பாருங்கள். பாவம்.

பிறகு காற்று திசை மாறியது. 1970ல் ஆர்தர் ஜோன்ஸ் தன் நாட்டிலஸ் எந்திரங்களைக் கொண்டுவந்து, "முழு வீச்சு" என்பதை முழக்கமாக்கினார். பாதி ரெப்புக்குக் கெட்ட பெயர் வந்ததில் அந்த முழக்கத்துக்கும் பங்கு உண்டு.

இப்போது சுவாரஸ்யமான திருப்பம். 2020களில் வந்த ஆய்வுகளில், தசை நீண்டு இழுபடும் பகுதியில் மட்டும் செய்யும் பாதி ரெப்கள் தசை வளர்ச்சியில் முழு ரெப்புக்குச் சமமாக வந்தன. சிலவற்றில் ஒரு படி மேலேயும் வந்தன. அதாவது ஸ்குவாட்டில் கீழ்ப்பாதி! பெரிய பாரத்தைக் காட்டி எல்லோரும் ஆசைப்பட்டது மேல்பாதிக்கு. தசை வளர்வதோ, யாரும் விரும்பாத, குறைந்த பாரமே தாங்கும் கீழ்ப்பாதியில்.

ஆகவே நண்பர்களே, யாராவது பாதி ரெப் செய்தால் உடனே சிரிக்காதீர்கள். எந்தப் பாதி, எதற்காக என்று கேளுங்கள். கம்பியில் தட்டுகளை அடுக்கி நாலு பேர் பார்க்கச் செய்யும் மேல்பாதி என்றால் முட்டிக்கும் முதுகுக்கும்தான் ஆபத்து. ஆண்டர்சன் மாதிரி தினம் கொஞ்சம் மண் போடுகிற திட்டம் இருந்தால், அந்தப் பாதி ஒருநாள் முழுதாகும்.